ஆர்தர் மன்னர் வாழ்ந்தவரா?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆடலும் பாடலும் நாடகமும் காத்திருக்கும் மேடையில், இடையே ஓர் எழுத்தன் பேச வந்து நிற்கிறேன். மெட்ரிக்குலேஷன் தேறி, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைப்பவன் நான். வரலாற்றுப் பேராசிரியன் அல்லேன். நூல்நிலையத்தில் எடுத்துப் படித்தவற்றை முறைப்படுத்தி உங்கள் முன் வைக்கின்றேன். பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகிறேன்.

நம் காலனிப் பிள்ளைகள் ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் ஆர்தர் மன்னரைச் சந்தித்திருப்பார்கள். கல்லில் செருகிய வாளைச் சிறுவனாய் இருந்தபோதே உருவி அரசுரிமை பெற்றவர். மெர்லின் என்னும் மாயவனைத் துணையாகக் கொண்டவர். தலையிடம் கடையிடம் என்ற வேறுபாடு தோன்றாதபடி வீரர்களை வட்ட மேசையைச் சுற்றி அமர்த்தியவர். இறுதிப் போரில் புண்பட்டு, படகில் ஏறி, ஆவலான் என்னும் தீவுக்குச் சென்றவர். கதை முடிந்ததும் பிள்ளை ஒரு வினா எழுப்பும்: "அப்பா, இவர் உண்மையாகவே இருந்தவரா?"

"எல்லாம் கட்டுக்கதை, போய்ப் பாடம் படி" என்று சொல்லுதல் எளிது. "புத்தகத்தில் இருக்கிறதே, பொய்யாகுமா?" என்று சொல்லுதலும் எளிது. இரண்டும் விடையாகா. பிள்ளையின் வினா உயர்ந்த வினா. அதற்கு உரிய மதிப்பைத் தந்து ஆராய்வோம்.

இப்பெயருக்கு உள்ள செல்வாக்குக்கு நம் தொழிலிலிருந்தே ஒரு சான்று கூறுகின்றேன். இங்கிலாந்தின் சதர்ன் இரயில்வே, 1925 ஆம் ஆண்டில் தன் விரைவு வண்டிகளை இழுக்கும் எஞ்சின் வகை ஒன்றுக்கு ஆர்தர் மன்னரின் பெயரைச் சூட்டியது. அவ்வகையைச் சேர்ந்த 74 எஞ்சின்களும் அக்கதையில் வரும் வீரர்கள், மங்கையர், ஊர்கள் ஆகியோர் பெயர்களைத் தாங்கி ஓடின. பெயர் சூட்டுவதில் தமக்கு மறுப்பில்லை என்றும், அதனால் எஞ்சினின் ஓட்டத்தில் ஒரு மாற்றமும் நேராது என்றும் தலைமைப் பொறியாளர் மான்செல் நகைச்சுவையாகக் கூறினார் என்பர். 1962 ஆம் ஆண்டோடு அவை பணியிலிருந்து நீங்கின. 'சர் லாமியல்' என்னும் 777 ஆம் எண் எஞ்சின் மட்டும் காப்பாற்றப்பட்டுள்ளது. இரும்பு எஞ்சினுக்கும் பெருமை தரும் பெயர் என்று கருதப்பட்டதே, அப்பெயருக்கு உரியவர் யார்?

இதனை ஆராய நான் பேராசிரியர்களின் கருவி எதனையும் நாடவில்லை. எங்கள் அலுவலக வழக்கமே போதும். சரக்கு வந்து இறங்கிய அன்றே எழுதிய பதிவுக்கு ஒரு மதிப்பு. மூட்டை காணாமற் போயிற்று என்று பல மாதம் கழித்து வரும் கோரிக்கைக் கடிதத்துக்கு வேறொரு மதிப்பு. கடிதம் எழுதியவர் பொய்யர் என்பதன்று. நாள் செல்லச் செல்ல மூட்டைகளின் எண்ணிக்கை வளர்வது உலகியல்பு! ஆகவே எந்த எழுத்தைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்போம். எழுதியவர் யார்? நிகழ்ச்சிக்கு எத்தனை ஆண்டு கழித்து எழுதினார்? அவ்வாறு எழுதியதால் பயன் அடைந்தவர் யார்?

முதலில் காலத்தை நிறுவிக்கொள்வோம். ஏறத்தாழ கி.பி. 410 இல் பிரிட்டனில் உரோமரின் ஆட்சி ஓய்ந்தது. காவற்படைகள் நீங்கிய நாட்டில் ஜெர்மானிய இனத்தவரான சாக்சானியர் கடல் கடந்து வந்து குடியேறினர், நிலத்தைக் கைப்பற்றினர். அங்கே முன்பிருந்து வாழ்ந்த பிரித்தானியர் மேற்கே ஒதுங்கினர். அவர்களுடைய வழித்தோன்றல்களே இன்றைய வேல்ஸ் மக்கள். வந்தேறிய சாக்சானியரின் வழித்தோன்றல்கள் ஆங்கிலேயர். இவ்விரு சாராருக்கும் இடையே நிகழ்ந்த போராட்டத்தில், பிரித்தானியர் பக்கம் நின்று, கி.பி. 500 ஐ ஒட்டிய காலத்தில் போர் புரிந்தவரே ஆர்தர் என்பது கதையின் வேர். இதனை நன்கு நினைவில் நிறுத்துங்கள். ஆர்தர் ஆங்கிலேயரின் மன்னர் அல்லர். ஆங்கிலேயரின் முன்னோரை எதிர்த்தவர்.

இனி ஏடுகளைப் புரட்டுவோம். அக்காலத்துக்கு மிக அருகில் நின்று எழுதியவர் கில்டாஸ் என்னும் துறவி, ஆறாம் நூற்றாண்டினர், பிரித்தானியர். பேடன் குன்றில் தம்மவர் பெற்ற பெருவெற்றியை அவர் குறிக்கிறார். அம்புரோசியஸ் அவுரேலியானஸ் என்ற தலைவரைப் பெயர் சொல்லிப் போற்றுகிறார். ஆனால் ஆர்தர் என்ற பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை! அடுத்து, 731 ஆம் ஆண்டில் தம் வரலாற்று நூலை முடித்த பீட் என்னும் அறிஞர். கால ஆராய்ச்சியில் பெயர் பெற்ற அவரும் அம்புரோசியஸைக் கூறுகிறார், ஆர்தரைக் கூறவில்லை.

அப்பெயரைப் போர்களோடு இணைத்துச் சொல்லும் முதல் வரலாற்று நூல் 829 அல்லது 830 இல் வேல்ஸ் நாட்டில் எழுந்தது. நென்னியஸ் என்பவர் இயற்றியதாகச் சொல்லப்படும் 'பிரித்தானியர் வரலாறு' என்ற இலத்தீன் நூல் அது. பேடன் போருக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு கழித்து! அந்நூலிலும் ஆர்தர் மன்னராகத் தோன்றவில்லை. பிரித்தானிய அரசர்களோடு சேர்ந்து பொருத படைத்தலைவராகவே தோன்றுகிறார். பன்னிரண்டு போர்களில் வென்றார் என்றும், பேடன் குன்றில் ஒரே பாய்ச்சலில் 960 பேரைத் தாம் ஒருவராகவே வீழ்த்தினார் என்றும் அது கூறுகிறது. அந்நூலின் வியப்புகள் பகுதியில் ஆர்தருடைய மகனின் கல்லறை பற்றிய செய்தியும் உண்டு. அளக்கும்போதெல்லாம் அக்கல்லறையின் நீளம் மாறுமாம். ஒருமுறை ஆறடி, ஒருமுறை ஒன்பதடி, மற்றொருமுறை பதினைந்தடி! எங்கள் அலுவலகத்தில் இப்படி ஓர் அளவைப் பதிந்தால் மேலதிகாரி என்ன செய்வார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பத்தாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட வேல்ஸ் ஆண்டுக் குறிப்புகள் இரண்டு செய்திகளைத் தருகின்றன. 516 இல் பேடன் போரில் ஆர்தர் வென்றார் என்பது ஒன்று. 537 இல் கேம்லான் என்ற இடத்தில் ஆர்தரும் மெட்ராட்டும் வீழ்ந்தனர் என்பது மற்றொன்று. ஆண்டு எண்களைக் கண்டதும் நம் மனம் நம்பிவிடுகிறது. எண்ணுக்கு அத்தகைய ஆற்றல் உண்டு. ஆனால் அந்த எண்ணை ஏட்டில் தொகுத்த கை நானூறு ஆண்டு பிந்தியது என்பதை மறத்தல் ஆகாது.

இப்போது மறுபக்கத்து வழக்கையும் நேர்மையுடன் கேட்போம். ஒருவர் பெயரைச் சொல்லவில்லை என்பதனால் அவர் இருந்ததே இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. கில்டாஸ் வரலாறு எழுத வந்தவர் அல்லர்; தம் காலத்து அரசர்களையும் குருமார்களையும் இடித்துரைக்க வந்தவர். அவர் பெயர் சொல்லாது விட்டவர் பலர். மேலும், ஆறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலும் வேல்ஸின் தென்மேற்கிலும் அரச குடும்பங்களில் ஆர்தர் என்ற பெயர் தாங்கியோர் காணப்படுகின்றனர். புகழ் பெற்ற ஒருவரை நினைந்தே பிள்ளைகளுக்கு அப்பெயர் இட்டனர் என்று சிலர் கருதுவர். 'கொடோதின்' என்னும் பழைய வேல்ஸ் வீரப்பாடலில், ஒரு வீரனைப் புகழ்ந்துவிட்டு, அவன் ஆர்தருக்கு நிகராகான் என்ற கருத்தில் ஒரு குறிப்பு வருகிறது. அப்பாடலின் அடிப்பகுதி கி.பி. 600 ஐ ஒட்டியதாகலாம். ஆனால் நமக்குக் கிட்டிய ஏடோ பதின்மூன்றாம் நூற்றாண்டினது. அக்குறிப்பு பழைய அடியா, இடைச்செருகலா என்பதில் அறிஞர் ஒத்த கருத்தினர் அல்லர்.

வேறு சிலரை ஆர்தர் என்று அடையாளம் காட்டியவர்களும் உளர். லூசியஸ் ஆர்டோரியஸ் காஸ்டஸ் என்ற உரோமப் படை அதிகாரி ஒருவர். பிரிட்டனில் இருந்த ஆறாம் படைப்பிரிவில் பணியாற்றியவர். அவருடைய கல்வெட்டு இன்றைய குரோஷியாவில் கிடைத்தது. பெயர் பொருந்துகிறது, காலம் பொருந்தவில்லை. சாக்சானியப் போர்களுக்கு இருநூறு ஆண்டுக்கும் மேல் முற்பட்டவர் அவர். 470 ஐ ஒட்டி கால் நாட்டில், அஃதாவது இன்றைய பிரான்சில், படை நடத்திய ரியோதாமஸ் என்ற பிரித்தானிய அரசர் மற்றொருவர். காலம் ஓரளவு பொருந்துகிறது, பெயர் பொருந்தவில்லை. அம்புரோசியஸும் அத்தகையவரே. ஒருவரிடம் பெயர் உண்டு. ஒருவரிடம் காலம் உண்டு. ஒருவரிடம் வெற்றி உண்டு. மூன்றும் ஒருங்கே அமைந்தவர் எவரும் அகப்படவில்லை.

அப்படியானால் நாம் அறிந்த பெருங்கதை எங்கிருந்து வந்தது? 1136 ஐ ஒட்டி, மான்மத் என்னும் ஊரைச் சார்ந்த ஜெஃப்ரி என்ற குருவானவர் 'பிரிட்டன் அரசர்களின் வரலாறு' எழுதினார். பிரித்தானிய மொழியில் இருந்த பழம்பெரு நூல் ஒன்றைத் தாம் மொழிபெயர்த்ததாகக் கூறினார். அப்பழம்பெரு நூலைக் கண்டவர் எவரும் இலர்! அவர் கையில்தான் படைத்தலைவர் பேரரசராக வளர்ந்தார். கடல் கடந்து உரோமரையே வென்றார். மெர்லினும் அக்கதைக்குள் புகுந்தான். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே நியூபரோ ஊர் வில்லியம் என்ற வரலாற்றாசிரியர், இவையெல்லாம் ஜெஃப்ரி புனைந்தவை என்று கடுமையாகக் கண்டித்தார். ஐயப்படும் அறிவு இக்காலத்தார்க்கே உரியது என்று நாம் செருக்குக் கொள்ள வேண்டுவதில்லை.

பிறகு ஒவ்வொருவரும் ஒன்றைச் சேர்த்தனர். வட்ட மேசையை 1155 இல் வேஸ் என்னும் கவிஞர் சேர்த்தார். லான்சலாட்டின் காதலையும் கேமலாட் என்ற ஊர்ப்பெயரையும் புனிதக் கிண்ணத்தையும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரேத்தியன் என்ற பிரெஞ்சுக் கவிஞர் கொணர்ந்தார். கல்லில் செருகிய வாள் 1200 ஐ ஒட்டித் தோன்றியது. அனைத்தையும் தொகுத்துத் தாமஸ் மாலரி 1470 அளவில் உரைநடையாக்கினார். காக்ஸ்டன் 1485 இல் அச்சேற்றினார். பிள்ளைகள் விரும்பும் வாளும் மேசையும் கேமலாட்டும் ஆர்தருக்கு அறுநூறு ஆண்டுக்கும் மேல் பிந்தியவை. எட்டி நின்றவர் மிகுதியாகச் சொல்கிறார். கிட்டி நின்றவர் வாய் திறக்கவில்லை. கோரிக்கைக் கடிதத்தில் மூட்டை வளர்ந்த கதைதான்!

"ஏட்டை விடும்; பொருட்சான்று உண்டே" என்பார் சிலர். அவற்றையும் பார்ப்போம்.

வின்செஸ்டர் நகரத்து மண்டபச் சுவரில், ஏறத்தாழ பதினெட்டடி குறுக்களவுள்ள கருவாலி மர வட்டப்பலகை ஒன்று இன்றும் தொங்குகிறது. ஆர்தரின் வட்ட மேசை என்று பல நூற்றாண்டு நம்பப்பட்டது. 1976 இல் அதனை இறக்கி, மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டும் பிற முறைகளைக் கொண்டும் ஆராய்ந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்தது என்று தெரிந்தது. அதன்மேல் உள்ள ஓவியமோ எட்டாம் ஹென்றி காலத்தது.

கிளாஸ்டன்பரி மடத்தில் 1191 இல் துறவிகள் ஒரு குழியைத் தோண்டி, ஆர்தரும் அவர் அரசியும் இங்கே கிடக்கின்றனர் என்று எலும்புகளையும் எழுத்துப் பொறித்த ஈயச் சிலுவையையும் காட்டினர். அதற்கு ஏழாண்டு முன்னர், 1184 இல், அம்மடம் தீக்கிரையாயிற்று. மீண்டும் கட்டப் பொருளுதவிய இரண்டாம் ஹென்றி மன்னர் 1189 இல் இறந்தார். பொருள் வருவாய் குன்றிய வேளையில் புகழ்மிக்க கல்லறை வெளிப்பட்டது! 1539 இல் மடம் கலைக்கப்பட்டபின் எலும்புகள் மறைந்தன. சிலுவையும் பின்னர் மறைந்தது. யாருக்குப் பயன் என்ற நம் மூன்றாம் கேள்வி இங்கே தானே எழுந்து நிற்கிறது.

இக்காலத்து அகழ்வாராய்ச்சி இன்னும் மெய்யான செய்திகளைத் தருகிறது. சாமர்செட்டில் உள்ள காட்பரி குன்றுக்கோட்டையில் 1966 முதல் 1970 வரை லெஸ்லி ஆல்காக் தோண்டினார். கி.பி. 500 ஐ ஒட்டி ஒரு பெருந்தலைவர் அதனைப் புதுப்பித்து அரண் செய்தார் என்பது தெளிவாயிற்று. கார்ன்வால் கரையில் உள்ள டின்டாஜலில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளின் மட்கலன்கள் மிகுதியாகக் கிடைத்தன. 1998 இல் அங்கே 'ஆர்டோக்னோ' என்ற பெயர் கீறிய கற்பலகை ஒன்றும் கிடைத்தது. செய்தித்தாள்கள் ஆரவாரம் செய்தன. ஆனால் அப்பெயர் வேறு, ஆர்தர் என்ற பெயர் வேறு என்று மொழிநூலார் கூறினர். ஆக, ஆர்தரைப் போன்ற தலைவர்கள் இருந்தனர் என்பதை மண் சொல்கிறது. அவருள் ஒருவர் பெயர் ஆர்தர் என்று சொல்லவில்லை.

எனவே பிள்ளைக்கு நாம் சொல்லத்தக்க விடை இது: "கண்ணே, கதையில் வரும் ஆர்தர் மன்னர் வாழவில்லை. அக்கதையின் அடியில் மெய்யான ஒரு போர்வீரர் இருந்திருக்கலாம். அதனை நிறுவும் சான்று இதுவரை இல்லை. இல்லை என்று நிறுவவும் வழியில்லை." இக்காலத்து வரலாற்றறிஞருள் பெரும்பாலோர் கொள்கையும் இதற்கு அண்மையதே.

அன்பர்களே! ஆராய்ச்சி இத்துடன் நின்றிருந்தால் இதனை விழா மேடைக்குக் கொண்டுவந்திருக்க மாட்டேன். இதற்குள் நெஞ்சைச் சுடும் ஒரு செய்தி உண்டு.

நிலத்தை இழந்த பிரித்தானியர்க்கு ஆர்தர் ஒரு கதைத்தலைவர் மட்டும் அல்லர், நாளைய நம்பிக்கை. அவர் இறக்கவில்லை, மீண்டு வருவார் என்று நம்பினர். 1113 இல் பிரான்சிலிருந்து கார்ன்வாலில் உள்ள பாட்மின் ஊருக்கு வந்த குருமார் சிலர் இந்நம்பிக்கையைக் கேட்டு நகைத்தபோது, அவ்வூரில் கைகலப்பே மூண்டது. தோற்ற மக்களிடம் எஞ்சியிருந்த உடைமை அந்நினைவு ஒன்றுதான். அதனையும் வென்றவர் விட்டுவைக்கவில்லை. கல்லறை கண்டுபிடிக்கப்பட்டதனால் பயன் துறவிகளுக்கு மட்டும் அன்று. ஆர்தர் எலும்பாய்க் கிடக்கிறார், இனி வரமாட்டார் என்று ஆங்கில அரசு வேல்ஸ் மக்களுக்குச் சொல்லவும் அது வாய்ப்பாயிற்று. 1278 இல் முதலாம் எட்வர்டு மன்னரே நேரில் சென்று அவ்வெலும்புகளைப் புதிய கல்லறையில் வைப்பித்தார். 1282, 1283 ஆம் ஆண்டுகளில் அவர் வேல்ஸை வென்றார். ஆர்தரின் மணிமுடி என்று அம்மக்கள் போற்றிய முடியையும் கைப்பற்றினார். வென்ற மண்ணிலேயே 1284 இல் வட்டமேசை விழாவும் கொண்டாடினார்! சாக்சானியரை எதிர்த்த வீரர், ஆங்கில மன்னரின் அணிகலன் ஆனார். பின்னர் ஏழாம் ஹென்றி தம் தலைமகனை 1486 இல் வின்செஸ்டரில் பிறக்கச் செய்து ஆர்தர் என்றே பெயரிட்டார்.

இஃது எவ்வாறு இயன்றது? தோற்ற மக்களிடம் நினைவு இருந்தது. நாளும் ஆண்டும் இட்ட பதிவு இல்லை. பதிவு இல்லாத நினைவு பூட்டில்லாத பெட்டி; வருவோர் தமக்கு வேண்டியதை இடுவர், வேண்டாததை எடுப்பர். கவிஞர் வந்து காதலை இட்டனர். துறவிகள் வந்து எலும்பை இட்டனர். அரசர் வந்து பெட்டியையே எடுத்துச் சென்றனர். கில்டாஸ் தம் நூலில் இன்னும் ஒரு வரி எழுதியிருந்தால், "பேடன் குன்றில் படை நடத்தியவர் இன்னார்" என்று எழுதியிருந்தால், ஆயிரத்தைந்நூறு ஆண்டு ஐயம் ஒழிந்திருக்கும்.

கதையைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க நான் சொல்லவில்லை. வட்ட மேசை மரத்தால் ஆனதன்று என்பதனால், அதைச் சுற்றி அமர்ந்தவர் அனைவரும் சமம் என்ற கருத்து பொய்யாகாது. கதையைக் கதையாக நுகரட்டும். வரலாறு என்று எவரேனும் நீட்டினால் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். அப்பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால், எந்த நாட்டு வரலாற்றின் பெயராலும் எவரும் அவர்களை ஏமாற்ற இயலாது.

இறுதியாகச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நாம், இக்காலனியில் முதன்முதல் குடியேறிய குடும்பங்களைப் பற்றியும் இச்சங்கம் தோன்றியதைப் பற்றியும் வாய்மொழியாகப் பேசி மகிழ்கிறோம். கண்டவர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் சொல்வதை, சொன்னவர் பெயருடனும் சொன்ன நாளுடனும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இனிப்பானதை மட்டும் அன்று, கசப்பானதையும் எழுதுங்கள். பின்வருவோர் நம்மைப் பற்றி ஐயுற நேர்ந்தால், அவர்களுக்குப் புரட்டிப் பார்க்க ஓர் ஏடு இருக்கட்டும். அதனை எழுதும் வேலைக்கு ஆள் வேண்டுமாயின், பேரேடு எழுதிப் பழகிய இந்தக் கை காத்திருக்கிறது.